ஃபுச்சோ மொழியில் தொனி மாறினால் உயிரொலியும் ஏன் மாறுகிறது?

நாவினி:

வணக்கம். சீன-திபெத்தியக் குடும்பத்து மொழிகளோடு பழக்கம் உள்ளவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

என் மாமியார் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில், ஃபுச்சோ நகரின் தாய்ஜியாங் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் அவரும் என் கணவரும் பேசிக்கொள்வது ஃபுச்சோ மொழியில்தான். எனக்கு மாண்டரின் சுமாராக வரும், ஆனால் அவர்கள் பேசும்போது அதை வைத்து ஒரு வாக்கியத்தைக் கூடப் பிடிக்க முடியவில்லை. எனவே எண்களிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

நான்கு என்ற எண்ணைத் தனியாகச் சொன்னால் 'ஸெய்'. பதினான்கு என்றால் முதலில் பத்து, அடுத்து நான்கு. அங்கேயும் கடைசியில் 'ஸெய்'தான் கேட்கிறது. நாற்பதில் வரிசை தலைகீழ், நான்கு முன்னால் வந்துவிடும். அங்கே மட்டும் அது 'ஸி' ஆகிறது. ஊர்ப் பெயரிலும் இதே கதை. பெயரின் முதல் எழுத்தைத் தனியாகப் படிக்கச் சொன்னால் மாமியார் 'ஹொவ்' என்று தொண்டையில் வெட்டி நிறுத்துகிறார். ஊர்ப் பெயராகச் சேர்த்துச் சொன்னால் அது 'ஹு'.

தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாறுவது எனக்குப் புதிதல்ல. மாண்டரினிலும் மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது மாறிவிடும். ஆனால் அங்கே உயிரொலி அப்படியே இருக்கும், இங்கே உயிரே வேறாகிவிடுகிறது. மாமியாரிடம் கேட்டால் "ரெண்டும் ஒரே எழுத்து, ஒரே சத்தம்தானே" என்கிறார். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினாலும் அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே பிடிபடவில்லை.

தொனியால் உயிர் மாறுகிறதா, உயிரால் தொனி மாறுகிறதா, இல்லை, சொல்லில் நிற்கும் இடம்தான் இரண்டையும் மாற்றுகிறதா? எதை மனப்பாடம் செய்தால் மற்றது தானாக வரும்?


மெய்ம்மயக்கம்:

நீங்கள் கேட்டது காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. மாமியார் சொல்வதும் சரி. சீன மொழிகளில் உயிரும் தொனியும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடப்பதற்கு ஃபுச்சோவை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொனிகளை எண்ணால் குறிப்போம். யுவான் ரென் சாவ் என்ற மொழியியலாளர் 1930இல் வெளியிட்ட முறை இது: குரலின் வீச்சை ஐந்து படிகளாகப் பிரித்து, 1 என்றால் அடிமட்டம், 5 என்றால் உச்சி. 55 என்றால் உயரத்திலேயே நீளும் தொனி, 53 என்றால் உயரத்திலிருந்து இறங்குவது, 213 என்றால் கொஞ்சம் இறங்கிப் பிறகு ஏறுவது. ஃபுச்சோவில் இப்படி ஏழு தொனிகள்: 55, 33, 213, 24, 53, 242, 5. இதில் 24, 5 இரண்டும் தொண்டை வெட்டில் முடியும் குறுகிய அசைகளுக்கு உரியவை. 33ஐச் சிலர் 31 என்று எழுதுவார்கள், அதற்காகக் குழம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் 'நான்கு' இருக்கும் குடும்பத்தைப் பாருங்கள். கவிதை என்ற சொல் 'ஸி', தொனி 55. இறப்பு 'ஸி', தொனி 33. நேரம் 'ஸி', தொனி 53. நான்கு 'ஸெய்', தொனி 213. 'ஆம், அதுதான்' என்ற பொருளில் வரும் சொல் 'ஸெய்', தொனி 242. ஐந்து சொற்கள், ஒரே முதல் மெய். முதல் மூன்றில் இ, கடைசி இரண்டில் எய். இது தற்செயல் இல்லை. 55, 33, 53, 5 ஆகிய நான்கு தொனிகளில் உயிர் இறுக்கமாக நிற்கும். 213, 242, 24 ஆகிய மூன்றில் அதே உயிர் தளர்ந்து, வாய் திறந்து, பெரும்பாலும் கூட்டுயிராக, அதாவது ஓர் உயிரில் தொடங்கி இன்னொன்றில் முடியும் ஒலியாக, உடையும். சீன மொழியியலாளர்களும் இவற்றை 'இறுக்க ஈறு', 'தளர்ந்த ஈறு' என்றுதான் அழைக்கிறார்கள் (ஈறு என்பது அசையில் முதல் மெய் போக மீதிப் பகுதி). இ தளர்ந்தால் எய், உ தளர்ந்தால் ஒவ். உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒரு இ அங்கே உண்டு, அதுவும் அப்படியே உடையும். ஆ போன்ற ஒலிகள் சற்றுப் பின்னுக்குப் போவதோடு நின்றுவிடும், புதியவர் காதுக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தொனிதான் உயிரை ஆள்கிறது. இடம் தொனியை ஆள்கிறது. ஒரு சொல்லில் கடைசி அசை தன் சொந்தத் தொனியைக் காப்பாற்றிக்கொள்ளும், முன்னால் நிற்பவை தொனி திரியும். திரிந்த வடிவத்தில் உயிர் எப்போதும் இறுக்கமாகவே வரும். ஊர்ப் பெயரில் நடப்பது இதுதான். தனியாக 'ஹொவ்', தொனி 24, தளர்ந்த ஈறு. பின்னால் 'சியூ' வந்து சேர்ந்ததும் முதல் அசையின் தொனி 21 ஆகிறது, அந்த நொடியே 'ஒவ்' சுருங்கி 'உ' ஆகிவிடுகிறது. கடிதம் என்ற சொல்லும் அப்படித்தான்: தனியாக 'ஸெய்ங்', பின்னால் இன்னொரு அசை சேர்ந்தால் 'ஸிங்'. ஏற்கெனவே இறுக்கத் தொனியில் இருக்கும் அசை முன்னால் நின்றால் உயிரில் மாற்றமில்லை, தொனி மட்டும் திரியும்.

மாமியாருக்கு ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. நாம் 'இடம்' என்று எழுதி 'எடம்' என்கிறோம், 'உடம்பு' என்று எழுதி 'ஒடம்பு' என்கிறோம். அடுத்த அசையில் வரும் அகரம் முன்னால் இருக்கும் இகர உகரங்களைக் கீழே இழுக்கிறது. 'இடி', 'உடு' என்றால் இழுப்பதில்லை. பேசும்போது நம்மில் யாருக்கும் இது இரண்டு உயிராகத் தெரிவதில்லை. அவருக்கும் அப்படித்தான், அவர் மனதில் இருப்பது ஒரே உயிர்.

இதற்குப் பழைய சாட்சியும் உண்டு. ஃபுச்சோ மொழிக்கு 'ச்சி-லின் எட்டொலி' என்ற ஒலியகராதி இருக்கிறது. இரண்டு பழைய நூல்களை 1749இல் ஒன்றாக இணைத்து அச்சிட்டது. அதில் நான் மேலே சொன்ன ஐந்து சொற்களும் ஒரே ஈற்றின் கீழ், தொனி வாரியாக அடுத்தடுத்து நிற்கின்றன. 'எய்' என்பதற்குத் தனி அறை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த கிறித்தவ மிஷனரிகளோ வெளியாள் காதோடு கேட்டவர்கள். அவர்கள் அமைத்த ரோமன் எழுத்துமுறையில் 213, 242 தொனிகளுக்கு உயிரெழுத்தே வேறு. ஊர்ப் பெயரின் முதல் அசையை ஒகரம் போட்டே எழுதினார்கள், சேர்த்துச் சொல்லும்போது அங்கே உகரம் ஒலித்தாலும் எழுத்தை மாற்றவில்லை. உள்ளூர்க்காரர்கள் ஒன்றாகவும் வெளியூர்க்காரர்கள் இரண்டாகவும் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடப்பதும் அதேதான்.

அப்புறம் ஒன்று. மாண்டரினில் உயிர் அசையாது என்று எழுதியிருந்தீர்கள். பெய்ஜிங்காரர் ஒருவரை 'லியூ' என்ற அசையை இரண்டாம் தொனியிலும் மூன்றாம் தொனியிலும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் தொனியில் நடுவில் ஒகரம் மெலிந்து கிட்டத்தட்ட மறைந்திருக்கும். மூன்றாம் தொனியில் 'லியொவ்' என்று அது தெளிவாக வெளியே வரும். எழுத்தில் ஒன்றாகவே இருப்பதால் கவனிக்காமல் போகிறோம். ஃபுச்சோ அந்தப் போக்கை இலக்கண விதியாகவே ஆக்கிக்கொண்டது என்று நான் பார்க்கிறேன்.


ஐராவதி:

யாங்கோனில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பர்மிய மொழியின் பக்கத்தையும் சொல்கிறேன். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் பின்னல் வேறு மாதிரி.

பர்மியத்தில் நான்கு தொனி என்பார்கள். 'கா' என்ற அசையைத் தாழ்ந்த குரலில் சொன்னால் ஆட்டுவது. உயர்த்தி இழுத்தால் கசப்பது. குரலை இறுக்கிக் கரகரப்பாக, குறுகலாக முடித்தால் பணிவிடை செய்வது. தொண்டையில் சட்டென்று வெட்டினால் அடிப்பது. முதல் மூன்றிலும் உயிர் பெரிதாக மாறுவதில்லை. நீளமும் குரலின் தன்மையும்தான் வேறு. நான்காவதில்தான் வேடிக்கை. வெட்டுத் தொனிக்கென்று தனி உயிர்க் கூட்டமே இருக்கிறது. 'எய்', 'ஒவ்', 'ஐ', 'ஔ' போன்ற கூட்டுயிர்களெல்லாம் வெட்டுக்கு முன்னாலும் மூக்கொலிக்கு முன்னாலும் மட்டுமே வரும். திறந்த அசையில் வராது.

காரணம் எழுத்திலேயே இருக்கிறது. பன்றியை 'வெ' என்று தொண்டையில் வெட்டிச் சொல்வார்கள், எழுதுவதோ 'வக்' என்று. ஆறு என்ற எண்ணின் உச்சரிப்பு 'ச்சௌ', எழுத்தில் கடைசியில் ககரமெய் இருக்கும். ஒன்று என்பதை 'தி' என்று வெட்டுவார்கள், எழுத்தில் 'தச்'. பகானில் கிடைத்த மியாசேதி கல்வெட்டு 1113 வாக்கில் வெட்டியது, பாலி, பியூ, மோன், பர்மியம் என்று நான்கு மொழியில். அந்தக் காலத்துப் பர்மியத்தில் இந்த ஈற்று மெய்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. பின்னால் க், ச், த், ப் எல்லாம் ஒரே தொண்டை வெட்டாகத் தேய்ந்துவிட்டன. தேய்வதற்கு முன் ஒவ்வொன்றும் தன் முன்னால் இருந்த உயிரை ஒவ்வொரு விதமாக வளைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதனால் பழைய மெய் வேற்றுமையில் பெரும்பகுதி இன்று உயிர் வேற்றுமையாக வாழ்கிறது. தொனி உயிரை மாற்றியது என்று இங்கே சொல்ல மாட்டேன். மெய் போய், அது விட்டுச்சென்றவைதான் தொனியும் உயிரும்.

இன்னொன்றும் உண்டு, அது நாவினி சொன்ன நாற்பதுக்கு நெருக்கமானது. ஒன்று என்ற 'தி', ஆளை எண்ணும் சொல்லுக்கு முன்னால் வந்தால் 'த' என்று சும்மா தொட்டுவிட்டுப் போகும்: 'த-யௌ', ஒருவர். அந்த 'த'வில் உயிரும் மங்கிவிடும், தொனியும் இருக்காது. பர்மியத்தில் மங்கிய உயிருக்குத் தொனியே கிடையாது, இரண்டும் சேர்ந்தேதான் போகும்.


அலைவரிசை:

மெய்ம்மயக்கம் விதியைச் சொன்னார், காரணத்தைச் சொல்லவில்லை. நான் ஒலியியல் பக்கத்திலிருந்து வருகிறேன். நாக்கு மேலே எழுந்து பிறக்கும் இ, உ போன்ற மேலுயிர்களைச் சொல்லும்போது சுருதி இயல்பாகவே சற்று ஏறும், ஆ சொல்லும்போது இறங்கும். 1995இல் 31 மொழிகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இதை எல்லாவற்றிலும் கண்டது. அப்படியென்றால் ஃபுச்சோவில் தாழ்ந்த தொனி உயிரைக் கீழே இழுக்கிறது, உயர்ந்த தொனி மேலே பிடித்து வைக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாமே? 213, 242, 24 மூன்றுமே 2இல்தான் தொடங்குகின்றன.


மெய்ம்மயக்கம்:

கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஊர்ப் பெயரின் முதல் அசையையே பாருங்கள். சேர்ந்து வரும்போது அதன் தொனி 21. அந்த மொழியில் அதைவிடத் தாழ்ந்தது இல்லை. அங்கேதான் உயிர் இறுக்கமான உ ஆகிறது. தாழ்ந்த சுருதி உயிரைக் கீழே இழுக்கும் என்றால் அங்கே 'ஒவ்' அல்லவா வர வேண்டும்? 33உம் உயர்ந்த தொனி இல்லை, அதிலும் உயிர் இறுக்கமாகவே இருக்கிறது.

நீளம்தான் காரணம் என்று இன்னொரு தரப்பு. 213, 242 இரண்டும் வளைந்து வளைந்து போகும் தொனிகள், அசை நீளும், நீண்ட அசையில் உயிர் உடைந்து கூட்டுயிராக நேரம் கிடைக்கும். சொல்லின் முன்பகுதியில் அசை குறுகும், உடைய நேரமிருக்காது, உயிர் இறுக்கமாகவே நிற்கும். 21இன் சிக்கலை இது அழகாகத் தீர்க்கிறது. ஆனால் 24 இருக்கிறதே. அது தொண்டை வெட்டில் முடியும் குறுகிய அசை, அதிலும் உயிர் உடைகிறது. பக்கத்திலேயே 5 என்ற வெட்டுத் தொனியும் குறுகியதுதான், அதில் உடைவதில்லை. எனவே நீளமும் தனியாக நின்று பதில் சொல்லாது.

இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. தாழ்வில் தொடங்கி ஏறும் தொனி, அதுவும் சொல்லின் கடைசி அசைக்குரிய முழு அழுத்தத்தோடு வரும்போது, உயிரின் தொடக்கத்தைக் கீழே இறக்கியிருக்கிறது. கவனியுங்கள், 'எய்'யில் முன்பாதிதான் இறங்கியிருக்கிறது, முடிவு இன்னமும் இகரத்தின் பக்கமே போகிறது. அந்தப் பழக்கம் நாளடைவில் விதியாக உறைந்துவிட்டது. ஒரு முறை உறைந்த பிறகு இன்று பேசுபவர் சுருதியையும் நீளத்தையும் அளந்துகொண்டிருப்பதில்லை, இது எந்தத் தொனிக்குரிய சொல், கடைசியில் நிற்கிறதா என்ற இரண்டே அவருக்குப் போதும்.


நாவினி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று மாமியாரை நாற்பது என்று மெதுவாக, அசை அசையாகச் சொல்லச் சொன்னேன். உடனே 'ஸி' போய் 'ஸெய்' வந்துவிட்டது! நடுவில் இடைவெளி விட்டதும் முதல் அசை தனிச் சொல் ஆகிவிட்டது போலிருக்கிறது. வேகமாகச் சொன்னால் மறுபடி 'ஸி'. அவரே சிரித்துவிட்டார், "நான் அப்படியா சொல்றேன்?" என்று.

ஆனால் புதிதாக ஒரு குழப்பம். பத்து என்ற எண்ணும் அவர் வாயில் 'ஸெய்' என்றுதான் வருகிறது, கடைசியில் ஒரு வெட்டு. தொனி உயர்ந்தது, 5 என்று நினைக்கிறேன். அது இறுக்கத் தொனி என்றீர்கள். பிறகு ஏன் அங்கே 'எய்' வருகிறது? 'ஸி' அல்லவா வர வேண்டும்?


மெய்ம்மயக்கம்:

அருமையான கேள்வி, நான் விட்ட இடத்தையே பிடித்துவிட்டீர்கள். அசை அசையாகப் பிரித்ததும் 'ஸெய்' திரும்பி வந்தது என்பதும் நல்ல சோதனை. தொனித் திரிபு இல்லையென்றால் உயிர் மாற்றமும் இல்லை என்பதை அவர் வாயாலேயே பார்த்துவிட்டீர்கள்.

பத்தில் வரும் 'எய்' வேறு ஆள். அது இகரம் தளர்ந்து வந்ததல்ல, அதன் இறுக்க வடிவமே 'எய்'தான். அது தளர்ந்தால் 'ஐ' ஆகும். அதாவது மெய்யில் முடியும் அசைகளில் ஏணிப்படி போல ஒரு தொடர் இருக்கிறது: இ தளர்ந்து எய்யின் இடத்துக்கு வருகிறது, எய் தளர்ந்து ஐயின் இடத்துக்கு இறங்குகிறது. இதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. 55 தொனியில் 'ஸிங்', 'ஸெய்ங்' என்று இரண்டு ஈறுகள். 213 தொனியில் அதே இரண்டும் 'ஸெய்ங்', 'ஸைங்' என்று ஒரு படி இறங்கி நிற்கும். 'ஸெய்ங்' என்று காதில் விழுந்தால் அது எந்த ஈறு என்று உயிரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தொனியைக் கேட்டால்தான் தெரியும். புதியது என்பதற்கான 'ஸிங்', தொனி 55. கடிதம் என்பதற்கான 'ஸெய்ங்', தொனி 213. இவை ஒரே ஈறு. ஆனால் 55 தொனியில் 'ஸெய்ங்' என்று ஒன்று கேட்டால் அது வேறு ஈறு.

இப்போது நாற்பதையும் பதினான்கையும் மறுபடி பாருங்கள். பதினான்கில் இரண்டு அசையிலும் 'எய்' கேட்கும். முதலாவது இறுக்க எய், இரண்டாவது தளர்ந்த இகரம். நாற்பதில் முன்னால் வந்த இகரம் இறுகி 'ஸி' ஆகிவிடும், பத்தில் இருக்கும் எய் அப்படியே நிற்கும். சேர்த்துச் சொல்லும்போது இரண்டாம் அசையின் முதல் மெய்யும் சில இடங்களில் நெகிழும், அது தனிக் கதை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எதை மனப்பாடம் செய்வது என்று முதலில் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இறுக்க வடிவத்தையும் சொந்தத் தொனியையும் எழுதி வையுங்கள். நான்கு: ஸி, 213. கடிதம்: ஸிங், 213. காற்று, ஆவி என்று பொருள்படும் சொல்: கி, 213, தனியாக வந்தால் 'கெய்', மோட்டார் வண்டி என்ற சொல்லில் முதல் அசையாக வந்தால் 'கி'. நிலம்: தி, 242, தனியாக 'தெய்', நிலப்படம் என்ற சொல்லில் 'தி'. அந்த இரண்டு தகவலும் இருந்தால் கடைசி அசையில் எப்படி ஒலிக்கும், முன்னால் எப்படி ஒலிக்கும் என்று நீங்களே வருவித்துக்கொள்ளலாம். தனியாகச் சொல்லும் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் சேர்ந்து வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கும்.

வசதி இருந்தால் மாமியார் குரலைப் பதிவு செய்து, ஒலியைப் படமாகக் காட்டும் பிராட் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் படத்தில், தனியாகச் சொன்ன 'ஸெய்'யில் கீழேயிருந்து முதல் கருங்கோடு சற்று மேலே தொடங்கிச் சரிந்து இறங்கும், நாற்பதின் 'ஸி'யில் அது ஆரம்பத்திலிருந்தே தாழ்வாக, தட்டையாக ஓடும். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.